கயிற்றுக்குள் தைம்

பின்கதவைத் திறந்தால் பதினோரு கல்பலகைகள். வாசற்படியில் தொடங்கித் துணிக்கொடிக் கம்பம் வரை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் மண் விட்டு, முன்பு குடியிருந்த யாரோ பதித்துவிட்டுப் போனவை. இரண்டு பக்கமும் சுவர். அந்த மண்ணில் இத்தனை வருடம் எதுவும் முளைத்ததில்லை. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. அம்மா ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தினமும் இரண்டு தடவை அந்த வழியாகப் போய்வருவாள். மூன்றாவது பலகை ஆடும், ஏழாவது வழுக்கும். அம்மா குனிந்தே பார்க்கமாட்டாள், கால் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

அம்மாவின் மூக்கு போய் நாலு மாதம் ஆகியிருந்தபோதுதான் மகளுக்கு அந்த மண் கண்ணில் பட்டது.

மூக்கு போய்விட்டது என்பது வீட்டில் சொல்லும் பேச்சு. மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, அதன் வேலை நின்றுவிட்டது. அம்மா சோப்புத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக மணம் பார்க்கும் அறையில் இருந்தவள். ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு துண்டு வரும். அதை முகர்ந்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்ல மூன்று பேர். அந்த மூவரில் அம்மா வாயைத் திறந்தால் மற்ற இருவரும் மூடிக்கொள்வார்கள் என்று பேர். அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தாள். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் நாலைந்து வாசனைகளை விடாமல் முகர்ந்து பழக்கச் சொன்னார். தொழிற்சாலையில் அம்மாவைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் பார்ப்போம், வருடக் கடைசியில் ஒரு சோதனை, தேறவில்லையென்றால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"பெட்டி ஒட்டுறதும் வேலைதானே," என்றாள் அம்மா. "நாள் பூரா மூக்கை நீட்டிக்கிட்டு உட்கார வேண்டாம். நிம்மதி."

ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும்போது, அம்மாவின் வலது புறங்கை ஒரு தடவை மூக்குவரை போகும். பத்தொன்பது வருடப் பழக்கம். அன்றைக்கு எந்த சோப்பு என்று பார்ப்பதற்காக. போன கை ஒரு நொடி அங்கேயே நிற்கும். பிறகு, வேறெதற்கோ தூக்கியது போல, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கும்.

அதைத்தான் மகளால் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குப்பிகளுக்கு எண் ஒட்டி, வரிசைப்படுத்தி, இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு குப்பியில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். இயந்திரம் அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டும். அதற்கும் ஏதாவது எண் காட்டினால், அந்தத் தட்டில் அது சொன்ன மற்றதையும் நம்பக் கூடாது. உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த விதி இது. தன்னைத்தானே அரை மனதோடு நம்புகிற பெண்ணுக்கு இப்படி ஒரு விதி கிடைத்தால் விடுவாளா?

ஐந்து சின்னப் புட்டிகளைக் காகிதம் சுற்றி எண் போட்டாள். காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய் தொட்ட பஞ்சு. ஐந்தாவது காலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டுவாள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் அம்மா வரிசையாகச் சொன்னாள். காப்பி. எலுமிச்சை. கிராம்பு. யூகலிப்டஸ். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாவதை நீட்டினாள்.

"லேசா," அம்மா யோசித்தாள். "லேசா ரோஜா மாதிரி."

புட்டியை மூடி வைத்துவிட்டு மகள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். அம்மாவின் தம்பி, மாமா, கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர், அதே வீட்டின் மாடியறையில் இருப்பவர்.

"கிராம்பைக் குலுக்கினா சத்தம் வருதுக்கா. எலுமிச்சைத் தோல் கனம். காப்பி ஓரத்துல ஒட்டியிருக்கு. நீ திருடுறதுதான் திருடுற, காலிப் புட்டிக்குப் பேசாம இருந்திருக்கலாம்ல."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ முகத்தைப் பார்க்க முடியலடா. அதான்."

உள்ளறையில் மகளுக்கும் அது கேட்டது. அன்றோடு புட்டிகள் அலமாரிக்குப் போயின.

செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் மகள் தோட்டக்கலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒவ்வொருவரும் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு செடியை வளர்த்து, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். வகுப்பு எடுக்கிற ஆசிரியை அதிகம் பேசாதவர். பேச வேண்டியதைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு தட்டை வகுப்பில் சுற்ற விட்டார். தட்டு முழுக்கக் கடுகளவு இலைகள், ஒன்றோடொன்று கைகோத்துப் பாய் விரித்தது போல.

படரும் தைம் என்கிற சீமை மூலிகை. நாலு விரல் உயரத்துக்கு மேல் எழாது. படுத்துக்கொண்டே நகரும். புல்லுக்குப் பதில் நடைவழியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விடலாம். வாசனை இலையிலேயே இருக்கிறது.

தட்டு அவளிடம் வந்தபோது, பின்கதவும் பதினோரு பலகையும் இடுப்பில் வாளியோடு அம்மாவும் கண்முன் வந்தார்கள். நீட்டவேண்டிய புட்டி இல்லை, மூடவேண்டிய கண் இல்லை. தினமும் இரண்டு தடவை அம்மா போய்வரும் வழியிலேயே வாசனை காத்துக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒருநாள், நினைக்காதபோது, உள்ளே வந்துவிடும். வீட்டில் யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

"வகுப்புக்குச் செடி வளர்க்கணும்," என்றாள். அவ்வளவுதான்.

மாமா கடப்பாரையோடு வந்து மண்ணைக் கிளறிக் கொடுத்தார். அவள் பருமணலும் பொடிச் சரளையும் கலந்தாள். நாற்றுப் பண்ணை நடத்தும் அக்காவிடம் வாங்கிய அறுபது கன்றுகளை, சாணுக்கு ஒன்றாக, கோணல் வரிசையில் வைத்தாள். சாண் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அடிக்கோலால் மறுபடி அளந்தாள்.

"ஆபீசர், செடிக்கு யூனிஃபார்ம் எப்ப தைக்கிறீங்க?" என்றார் மாமா.

மறுநாள் காலையில் அம்மா வாளியோடு வந்து, பழக்கத்தில் மூன்றாவது பலகையின் ஓரம் கால் வைத்தாள். ஒரு கன்றின் தலை செருப்புக்கடியில் போனது. மகளுக்கு நெஞ்சில் மிதித்தது போல இருந்தது. அன்று சாயங்காலமே குச்சிகளை நட்டு, சுற்றிலும் வெள்ளைக் கயிறு கட்டினாள். துணிக்கொடியை வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றினாள்.

"வேர் பிடிக்கிற வரைக்கும்தாம்மா. ஆறு வாரம்."

"இருக்கட்டும். எனக்கென்ன, துணி எங்க காஞ்சா என்ன," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அந்தக் கன்றுகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் கவனிப்பு கிடைத்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளைத் தண்ணீர். மழை பெய்த நாளிலும் ஒரு குவளை, ஏனென்றால் மழை எல்லாக் கன்றுக்கும் சமமாகப் பெய்ததா என்று யாருக்குத் தெரியும். எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. இரண்டு வாரம் கழித்து ஓரத்தில் சிவப்பு மை வந்தது. 'தண்ணீர் தெரிகிறது. செடி எங்கே?' அதை அவள் பாராட்டா குறையா என்று பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தாள்.

நாலாவது வாரம் செடியே பதில் சொன்னது. பத்தாவது பலகைக்கும் பதினோராவதுக்கும் நடுவில், சுவரோரம் மண் கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் இருந்த ஆறு கன்றுகள் கறுத்துச் சாய்ந்தன. விரலால் தொட்டால் தண்டு வழுவழுவென்று கையோடு வந்தது. இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்கு ஓடினாள். அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தினம் தண்ணி ஊத்தினியா?"

"ஒரு குவளைதான்."

"இது பாறையில கிடக்கிற சாதிம்மா. பட்டினி போட்டா வாழும், ஊட்டி விட்டா செத்துடும். பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன்னு சொல்லாத, பிள்ளையையே யாரும் இப்படிப் பார்க்க மாட்டாங்க."

அதே வகைக் கன்று பண்ணையில் தீர்ந்துபோயிருந்தது. அக்கா வேறொரு தட்டைக் காட்டினாள். "இதுவும் தைம்தான். பார்க்க அச்சு அசல் அதே. வாசனை மட்டும் பேருக்குக்கூட இருக்காது. வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் ஆறு வாங்கினாள். வெறும் மண்ணாக விட்டால் அம்மா கேட்பாள், மாமா சிரிப்பார், ஆசிரியை எழுதுவார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நட்டு, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினாள். அன்றைய பக்கத்தில் தேதியை எழுதினாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை. குறிப்பேட்டில் அந்த ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக நின்றது.

தண்ணீரை நிறுத்திய பிறகுதான் தைம் நகர ஆரம்பித்தது. யாரும் பார்க்காதபோது நகரும் போலிருக்கிறது. ராத்திரி படுக்கும்போது ஓரிடத்தில் இருந்த நுனி, காலையில் கல்லின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டிருக்கும். ஒரு கன்றின் கை இன்னொன்றின் கையைத் தொட்டது. எது எதனுடையது என்று தெரியாமல் போயிற்று. சரளை மறைந்தது. கல்பலகைகள் பச்சைத் தண்ணீரில் மிதக்கும் தெப்பங்கள் ஆயின. பிறகு ஊதா நிறத்தில் பூ வந்தது. மதியங்களில் தேனீக்கள் தரையோடு தரையாக வேலை செய்யும் சத்தம் பின்னறைவரை கேட்டது. விடுமுறை நாளில் அதைக் கேட்டுக்கொண்டே கண் செருகினால், பச்சை வாசற்படி ஏறி, கதவுக்கடியில் நுழைந்து, சமையலறைத் தரையெல்லாம் விரிந்து, அம்மாவின் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு மேலே போவது போல அவளுக்குத் தோன்றும். கனவிலும் அவள் கையில் கயிறு இருந்தது. எங்கே கட்டுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள்.

ஆறு வாரம் என்றது ஆறு மாதம் ஆகிவிட்டது. பூ விடட்டும் என்றாள். பூ உதிரட்டும் என்றாள். ஓரம் இன்னும் சேரவில்லை என்றாள். அவ்வளவு அழகாக இருந்ததன்மேல் கால் வைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மா பின்கதவில் நின்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போவாள். அங்கே நின்றால் நல்ல மூக்குக்கும் ஒன்றும் எட்டியிருக்காது. தைம் மிதிபட்டால்தான் வாயைத் திறக்கும். எதற்காக நட்டாளோ அதற்கே அவள் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

தெரியாமல் இல்லை. ஆசிரியை அதையும் எழுதிவிட்டார். 'இது நடைவழிச் செடி. இதுவரை நடந்தவர் யார்?' அந்தக் கேள்விக்குக் கீழே, நாளை, என்று சின்னதாக எழுதினாள். அடுத்த நாளும் அதையே நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம் வேறு. அம்மா நடந்து, ஒன்றும் வராமல் போய்விட்டால்? அதைவிட மோசம், நடந்துவிட்டு, லேசா ரோஜா மாதிரி என்று சொல்லிவிட்டால்?

தொழிற்சாலைச் சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு விடுமுறை நாள் மதியம், காற்று பலமாக அடித்தது. அவள் சமையலறை மேசையில் குறிப்பேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சந்தில் காய்ந்த படுக்கை விரிப்பு ஒன்று கொடியிலிருந்து பிய்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய வெள்ளைப் பறவை போலக் கடந்து, தைம்மேல் போய் விழுந்து சுருண்டது. பின்னாலேயே அம்மா. புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டிவிட்டாள்.

"அம்மா, கயிறு," என்று எழுந்து ஓடினாள் மகள்.

அம்மா பச்சை நடுவில், ஐந்தாவது பலகையருகே, விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ரப்பர் செருப்பு இலைக்குள் அமிழ்ந்திருந்தது.

"சத்தம் போடாத," என்றாள். "ஓடிப்போயிடும்."

"எதும்மா?"

"என்னமோ வந்துச்சு."

மகளுக்குள் எழுந்த சந்தோஷம் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது. செடியை மிதித்தால் வாசனை வரும் என்று யாரும் சொல்லிவிடலாமே. கண்ணுக்கு நேரே பூ இருக்கிறது. கிராம்பைக் குலுக்கியவளுக்கு இது பெரிய காரியமா? பரிசோதனைக் கூடத்துக் குரலில் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"பேர் தெரியல. கொஞ்சம் மருந்து மாதிரி. கொஞ்சம் வெயில் மாதிரி." அம்மா கண்ணை மூடினாள். "அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி இருக்குடி. பாட்டுன்னு தெரியுது, எந்தப் பாட்டுன்னு பிடிபடல."

அழகாகத்தான் சொன்னாள். அழகாகச் சொன்னதே மகளுக்கு உறுத்தியது. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிற்கவும் முடியவில்லை. அம்மா அவளைக் கவனிக்கவே இல்லை. தூக்கத்தில் நடப்பவள் போல, ஓரடி எடுத்து வைத்து, குதிகாலை அழுத்தி, நின்றாள். "இங்க இருக்கு." இன்னும் ஓரடி. "இங்கேயும் இருக்கு." ஏழாவது பலகையில் கால் தானாக ஒதுங்கியது. எட்டு, ஒன்பது. காற்று நின்றுவிட்டது. தேனீக்கள் அம்மாவுக்கு வழிவிட்டு, பின்னால் மறுபடி இறங்கின. விரிப்பின் ஒரு முனை பச்சைமேல் இழுபட்டுக்கொண்டே போனது.

பத்தாவது பலகையைத் தாண்டியதும் அம்மா நின்றாள். குதிகாலை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரிப்பைப் போட்டுவிட்டுக் குனிந்து, இலையைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தாள். முகம் வெளுத்தது.

"போச்சு."

"என்னம்மா?"

"போச்சுடி. இப்ப ஒண்ணும் இல்ல. இருந்துச்சு, உன் தலைமேல சத்தியமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம்கூடத் தங்கல." அம்மா பத்தாவது பலகையில் அப்படியே உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்து போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். "அவ்வளவுதான்னு நினைக்கிறேன்."

மகள் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மண் கொஞ்சம் தாழ்ந்த இடம். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். உள்ளே எதுவோ மெதுவாகத் திரும்பியது.

"அம்மா, எங்க நின்னுச்சு? சரியாச் சொல்லு."

"எங்கன்னா? இதோ, இந்தச் சுவரோரம்."

"அதுக்கு ஓரடி முன்னாடி?"

"இருந்துச்சே."

மகள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். வெறுங்காலுக்கடியில் இலை நசுங்குவது தெரிந்தது. ஆறு மாதமாக அவளும் அதன்மேல் கால் வைத்ததில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆறு செடி வேறம்மா. முதல்ல வச்சதை நான் தண்ணி ஊத்தியே கொன்னுட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வேற வாங்கி வச்சேன். அதுல வாசனையே கிடையாது. எனக்கும் வராது. யாருக்குமே வராது."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு சுவரோரத்துப் பச்சையைப் பார்த்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தேடினாள், கிடைக்கவில்லை.

"நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?"

"அது உன் வழக்கம்," என்றாள் மகள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அம்மா எழுந்து ஒன்பதாவது பலகைக்குப் போனாள். ஓர் இலையைக் கசக்கினாள். இருந்தது. தோள் இறங்கியது. பத்தைத் தாண்டி வந்தாள், இல்லை. மறுபடி ஒன்பதுக்குப் போனாள். குழந்தை விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல நாலு தடவை போய்வந்தாள்.

டியூட்டி முடிந்து வந்த மாமா பின்கதவில் சாப்பாட்டுப் பையோடு நின்றார். தரையில் விரிப்பு, கயிற்றுக்கு உள்ளே, செடிக்கு நடுவில் அம்மாவும் மகளும்.

"ஆபீசர், உள்ளே ஆள் நுழைஞ்சிருக்கு. நடவடிக்கை எடுக்கலையா?"

"நீயும் வாடா," என்றாள் அம்மா. "ஷூவைக் கழட்டிட்டு வா. உன் சாக்ஸ் நாத்தத்தை இன்னைக்கே என் மூக்குக்குக் காட்டிடாத."

சாயங்காலம் மகள் குச்சிகளைப் பிடுங்கினாள். மாமா துணிக்கொடியைப் பழைய கம்பத்துக்கு மாற்றினார். அந்த ஆறு செடியையும் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் பண்ணைக்குப் போய் வாசனையுள்ளது வாங்கி வைக்கிறேன் என்றாள் மகள்.

"தொடாத," என்றாள் அம்மா. "தினம் அங்க போய் நின்னு பார்ப்பேன். அங்க ஒண்ணும் இல்லன்னு என் மூக்கு சொல்லணும். அப்பத்தான் மத்த இடத்துல சொல்றதை நீ நம்புவ. நானும் நம்புவேன்."

மகளுக்குப் பரிசோதனைக் கூடத்துத் தட்டில் இருக்கும் தண்ணீர்க் குப்பி நினைவுக்கு வந்தது. அதைப்பற்றி அம்மாவிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

குறிப்பேட்டை எடுத்து, தேதி மட்டும் இருந்த பக்கத்தைத் தேடி, நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, நடந்தவர்: அம்மா, என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, பின்கதவு திறந்திருந்தது. அம்மா மடித்த துணிகளோடு பச்சை வழியே வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள். வலது புறங்கை மூக்குவரை போனது. நின்றது. மகள் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று.